மூன்று ஓட்டு, ஏழு நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆளுக்கு மூன்று ஓட்டு. 1975க்குள் நூலாக வந்த தமிழ் நாவல்களில் தனக்குப் பிடித்த மூன்றை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். முதல் பெயருக்கு மூன்று மதிப்பெண், அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து மேலே நிற்கும் பத்து நாவல்களை, மதுரையில் நாங்கள் கூடும் கிளை நூலகத்தில் ஒரு தட்டில் தனியாக அடுக்கப்போகிறோம். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகள் அந்தத் தட்டில் கை வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அந்த நினைப்பு வந்ததிலிருந்து இரண்டு மாதமாக என் சீட்டு நிரம்பாமல் கிடக்கிறது.

ஐம்பது வருஷம் தாண்டியும் ஆள் தேடிப் படிக்கிற புத்தகம் என்றால் அதைச் செவ்வியல் என்று சொல்லலாம் என்பது வட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976, அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' 1977. ஒன்றிரண்டு வருஷத்தில் இரண்டும் வெளியே நின்றுவிட்டன. என்ன செய்ய, கோடு போட்டால் எதன் மேலாவது விழத்தான் செய்யும்.

பட்டியல் என்றாலே க.நா. சுப்ரமண்யம், க.நா.சு.தான் நினைவுக்கு வருவார். நல்ல நாவல், நல்ல சிறுகதை என்று சலிக்காமல் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டியல் போடுகிறவர் என்று ஏச்சும் வாங்கினார். அவருடையது ஒரு விமர்சகரின் தீர்ப்பு. நாங்கள் போடுவது வாசகர்களின் விருப்பம். 'சிறந்த நாவல் எது' என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் வரும்; 'உனக்குப் பிடித்தது எது' என்று கேட்டால் வேறு பதில் வரும். அதனால் எனக்கென்று இரண்டு கேள்விகள் வைத்துக்கொண்டேன். இந்தப் புத்தகத்துக்கு நான் எத்தனை தடவை திரும்பிப் போனேன், போனபோது அது எனக்குப் புதிதாக ஏதாவது கொடுத்ததா? நான் இன்னொருவர் கையில் கொடுத்தபோது அவர் படித்து முடித்தாரா?

முதல் சலிப்பிலேயே சில பெரிய பெயர்கள் போய்விட்டன. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கங்காவை மறக்க முடியாது. ஆனால் இரண்டாம் தடவை படித்தபோது எல்லோரும் அளவுக்கு மேல் வாதாடுவதாகப் பட்டது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசான் கதை சொல்கிற முதல் பாதிக்கு நான் அடிமை. ஆசான் மறைந்த பிறகு வரும் தேர்தலும் போட்டியும் எனக்கு அந்த அளவுக்கு ஒட்டவில்லை. மிஞ்சியவை ஏழு.

ஏழில் மூத்தது பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் தொடராக வந்து 1896இல் நூலானது. எழுதத் தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு இருபத்தொரு வயது இருக்கும்; 1898இல் இருபத்தாறு வயதில் போய்விட்டார். அவர் பிறந்த வத்தலக்குண்டு எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பெண்கள் கூடி ஊர்க்கதை பேசுவதற்கு 'வம்பர் மகாசபை' என்று பெயர் வைத்தாரே, அந்த அத்தியாயத்தை எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாசித்தபோது அறை முழுக்கச் சிரித்தது. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய எழுத்துக்கு இன்றைக்குச் சிரிப்பு வருகிறது என்றால் அது சின்ன விஷயமா? ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் போல ஒரு தமிழ் வாத்தியாரைப் பார்த்திராதவர்கள் நம்மில் யார்? இத்தனை இருந்தும் பிற்பாதியில் கதை வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. முத்துஸ்வாமி ஐயரின் வீட்டையும் தெருவையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய கை, குருவையும் ஞானத்தையும் பற்றி எழுதும்போது தளர்ந்துவிடுகிறது. முற்பாதிக்கு மட்டும் ஓட்டுப் போட முடிந்தால் முதல் ஓட்டு இதற்குத்தான்.

அடுத்தது எல்லோரும் எதிர்பார்க்கிற 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தது. பாட்டி வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சணல் நூலால் தைத்து, பைண்டு பண்ணி வைத்திருந்தாள். சில பக்கங்களின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம் நிற்கும். நடுநடுவே மணியத்தின் படங்கள். ஆடிப்பெருக்கு அன்று வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்தத் தொடக்கத்தை நான் அந்தப் பழுப்புத் தாளில்தான் படித்தேன். என்னைப் படிக்க வைத்த புத்தகம் அது. நன்றிக்கு ஓட்டு என்றால் தயங்கவே மாட்டேன்.

வட்டத்தில் ஒரு யோசனை சொன்னார்கள்: "அது எப்படியும் பத்துக்குள்ள வந்துரும், உங்க ஓட்டை வேறெதுக்காவது போடுங்க." கேட்டபோது சரி என்றுதான் பட்டது. வீட்டுக்கு வந்து யோசித்ததும் பிடிக்கவில்லை. நமக்குப் பிடித்தது எது என்று கேட்கிறபோது, அடுத்தவர் என்ன போடுவார் என்று கணக்குப் பார்த்து விடை சொன்னால் பட்டியலே பொய்யாகிவிடும். அதனால் அந்தச் சாக்கை விட்டுவிட்டு, நாவலைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஐந்து பாகமும். வேகம் குறையவில்லை, நந்தினி வரும் இடமெல்லாம் இன்றைக்கும் ஒரு குளிர் ஓடுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைப் பிடிபடாமல் விட்ட துணிச்சலை இந்த முறைதான் ரசித்தேன். ஆனால் மற்றதெல்லாம் பதினான்கு வயதில் என்ன தந்ததோ அதையேதான் ஐம்பதிலும் தந்தது. அது குறையே இல்லை, அப்படி ஒரு நிலையான இன்பம் எத்தனை புத்தகத்தில் கிடைக்கும்? என் முதல் கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லவில்லை. ஓட்டு இல்லை, பாட்டியின் தொகுதி அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருக்கும்.

'வாடிவாசல்' பற்றி நிறையச் சொல்ல ஆசை. சி.சு. செல்லப்பா 1959இல் எழுதியது, ஒரே மூச்சில் படிக்கலாம். அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரி காளையை அணைய, அதாவது பிடித்து அடக்க, வருகிற பிச்சி, பக்கத்தில் மருதன், மேடையில் ஜமீன்தார். ஒரு சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஜல்லிக்கட்டு ஊர்க்காரர்கள் நாங்கள். திமில் எங்கே, அணைகிறவன் கால் எங்கே என்று அவர் எழுதினதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. இது குறுநாவல், நாவல் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். சேர்ப்பது என்று முடிவானது. ஆனாலும் மற்ற ஆறோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இது ஒரே ஒரு உணர்ச்சியை எடுத்து அதை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிற்கிறது. எனக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் நாள் கூட இருக்கிற புத்தகம்.

'நாளை மற்றுமொரு நாளே' 1974. கந்தனின் ஒரே ஒரு நாள். ஜி. நாகராஜன் கணக்கு வாத்தியார். மதுரையின் சந்துகளில் நடந்தவர், 1981இல் இதே ஊரில் மறைந்தவர். தரகர், பாலியல் தொழிலாளி, குடிகாரர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஆட்களைப் பற்றி எழுதும்போது அவர் கை நடுங்கவில்லை, இரக்கத்தையும் காட்டிக்கொள்ளவில்லை. ரொம்ப நாள் இது என் மூன்றில் இருந்தது. கடைசியில் இதைத் தள்ளியது என் இரண்டாவது கேள்வி. கொடுத்தவர்களில் பாதிப் பேர் பாதியில் திருப்பித் தந்தார்கள். அது நாவலின் குற்றமா என்றால் இல்லை. தட்டில் முதலில் கை வைக்கிற பிள்ளைக்கு இது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கிடைத்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

இனி மிஞ்சியது மூன்று. மூன்று ஓட்டுக்கு மூன்று நாவல், முடிந்தது என்று நினைத்தால் வரிசை வந்து நின்றது. இரண்டு மாதம் ஆனது இந்த வரிசைக்குத்தான்.

தொடங்கும்போது என் முதலிடம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளுக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'சுதேசமித்திரன்' வார இதழில் தொடராக வந்து 1964இல் நூலான நாவல். இருபது வயதில் படித்தபோது நான் பாபுவாகவே இருந்தேன். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை அவன் பார்க்கிற பார்வையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. முப்பத்தைந்தில் படித்தபோது எனக்கும் ஒரு பையன் இருந்தான். பாபுவின் அப்பா வைத்தி பேசுகிற இடங்களில் தொண்டை அடைத்தது. மகனைக் கும்பகோணத்தில் படிக்க விட்டுவிட்டு, அவன் என்ன ஆகப்போகிறான் என்று தெரியாமல் காத்திருக்கிற மனுஷன். அப்புறம் பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணா. வடக்கிலிருந்து வந்த பாடகர்கள் குரலைத் திறக்கிற இடத்தில், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உறைந்துபோவதை ஜானகிராமன் எழுதியிருக்கிறார். பாட்டுத் தெரியாத எனக்கே அந்தப் பக்கங்களில் சுருதி கேட்கும். தமிழில் சங்கீதத்தைப் பற்றி இதைப்போல எழுதியதை நான் வேறெங்கும் படித்ததில்லை. கும்பகோணத்து வெயிலும் காவிரி மணலும் வெற்றிலை வாசனையும் சேர்ந்த உரைநடை. அறுநூறு பக்கத்துக்கு மேல் போயும் அலுக்காது.

இந்த நாவலை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எட்டு நாளில் முடித்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சித்தப்பா, தங்கம்மாவ ஏன் இப்பிடி அம்போன்னு விட்டுட்டாரு?" என்று கேட்டாள்.

கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண் தங்கம்மா. பாபுவை நாடி வருகிறாள், அவன் ஒதுக்குகிறான், உயிரை விட்டுவிடுகிறாள். மூன்று தடவை படித்த நான் அவளைப் பாபுவின் குற்ற உணர்ச்சிக்கு ஒரு காரணமாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். மறுபடி அந்தப் பக்கங்களை எடுத்தேன். அண்ணன் மகள் சொன்னது சரி. அவள் வாழ்க்கை நாவலுக்குள் ஒரு ஜன்னல் வெளிச்சம் மாதிரி வந்து அணைந்துவிடுகிறது. அந்த ஜன்னலுக்கு உள்ளே அவள் பகலெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நமக்குத் தெரியவே தெரியாது. யமுனாவையும் நாம் பெரும்பாலும் பாபுவின் கண்ணால்தான் பார்க்கிறோம். கடைசியில் அவள் கேட்கிற ஒரே ஒரு கேள்வியில் மொத்த நாவலும் திரும்பிக்கொள்கிறது, அது ஜானகிராமனின் மேதைமை. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் மனதுக்குள் கழிந்த இத்தனை வருஷங்கள்?

அதே வாரம் அவளிடம் 'புத்தம் வீடு' கொடுத்தேன். ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 'மோகமுள்' நூலான அதே 1964இல் வந்தது. இருநூறு பக்கத்துக்குள் அடங்குகிற புத்தகம். எங்கள் வட்டத்தில் முதல் சுற்றில் வந்த பெயர்களில் இரண்டே இரண்டு பெண்கள்தான்: இவரும், நீலகிரி படகர்களைப் பற்றிக் 'குறிஞ்சித் தேன்' எழுதிய ராஜம் கிருஷ்ணனும். 'குறிஞ்சித் தேன்' தகவலில் பெரியது. மலைக்கு அணையும் மின்சாரமும் வந்து வாழ்க்கை மாறுவதை உட்கார்ந்து விசாரித்து எழுதியிருக்கிறார். ஆனால் மனதுக்குள் வந்து தங்கியது 'புத்தம் வீடு' லிஸிதான்.

குமரி மாவட்டத்துப் பனங்காடு. ஒரு காலத்தில் வசதியாக இருந்து, இப்போது பெருமை மட்டும் மிஞ்சிய வீடு. அந்த வீட்டின் பேத்தி லிஸி. பெரிய பெண் ஆனதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்படுகிறது. அதற்கப்புறம் அவள் உலகம் வாசற்படியோடு முடிந்தது. கண்ணப்பச்சிக்கு, அதாவது தாத்தாவுக்கு, அவள் மேல் உயிர். அந்தப் பாசத்தாலேயே அவளை அடைத்தும் வைக்கிறார். பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்குப் பிரியம். ஒரே சாதி, ஒரே கோயில், ஆனாலும் பனை ஏறுகிற குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதா? இந்தக் கேள்வியைச் சத்தம் போடாமல், வீட்டுக்குள் நடக்கிற பேச்சிலேயே ஹெப்சிபா காட்டிவிடுகிறார். பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. பதநீர் அங்கே அக்கானி. முதல் பத்துப் பக்கம் மதுரைக்காரனுக்குக் கொஞ்சம் இடறும்; பிறகு காது பழகிவிடும்.

லிஸியின் பகல்கள் எப்படிக் கழிகின்றன என்று இந்த நாவலில் தெரிகிறது. தங்கம்மா, யமுனா விஷயத்தில் எனக்குத் தெரியாமல் போனது அதுதான். வேலை, ஜெபம், திண்ணையில் தாத்தா, யாரோ வரும் சத்தம், ஓடி உள்ளே போவது, கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது. ஆண்கள் எழுதிய நாவல்களில் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்த அறையை, உள்ளே இருந்தவர் எழுதியிருக்கிறார். ஒரு குறை சொல்ல வேண்டும்: பின்பகுதியில் கொலையும் வழக்கும் வந்தபிறகு கதை அவசரப்படுகிறது, முடிவு கொஞ்சம் வசதியாகக் கைகூடிவந்ததாகத் தோன்றும். அண்ணன் மகளுக்கு அது பிடித்திருந்தது. "அவளுக்கு ஏதாவது ஒண்ணு நல்லது நடக்கட்டுமே" என்றாள். ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, தோழிக்குக் கொடுத்துவிட்டாள். என் பிரதி இன்னும் திரும்பி வரவில்லை.

மூன்றாவது, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. எழுதிப் பல வருஷம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972இல் வந்தது. சிங்கம்புணரிக்காரர். 1938இல், பதினெட்டு வயதில், இந்தோனேசியாவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். போர் முடிந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பல வருஷம் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். 1997இல் மறைந்தார். நாங்கள் நடக்கிற தெருக்களில் அவரும் நடந்திருக்கிறார், பக்கத்தில் போனவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்காது.

ஜப்பானியப் படை மெடானுக்குள் வருகிறது என்று தொடங்குகிறது. பாண்டியன் என்ற இளைஞன், வட்டிக்கடைச் செட்டிமார்கள், அவர்களிடம் வேலை பார்க்கிற அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம். தமிழ் நாவல் கடல் தாண்டிப் போன இடங்களில் இவ்வளவு தூரம் போனதில்லை. முதல் தடவை நாற்பது பக்கத்தில் மூடிவைத்தேன். ஊர்ப்பெயர், தெருப்பெயர், மலாய்ச் சொல், யார் பேசுகிறார் என்று சொல்லாத பேச்சு. இரண்டாம் தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன், திறந்துகொண்டது. மலாக்கா நீரிணையில் தொங்கான் என்கிற சரக்குக் கப்பல் புயலில் மாட்டும் அத்தியாயத்தில் வாக்கியங்களே அலை மாதிரி எழும்பி உடைகின்றன. ஜன்னலை மூடிவிட்டுத்தான் மேலே படித்தேன். போர்க்களத்துக்கு நடுவில் பாண்டியனுக்கு ஊர்ச் சந்தையும் மதுரைத் தெருவும் நினைவில் பொங்கி வருகிற பக்கங்களைப் படித்துவிட்டு விளக்குத்தூண் பக்கம் போனால், தெரு வேறு மாதிரி தெரிகிறது.

குறைகளும் உண்டு. தமிழ்ப் பெருமையைக் கிண்டல் செய்கிற குடி மேசை விவாதங்கள் சில இடங்களில் நீளும். பெண்கள் நாவலில் ஓரமாக வந்து போகிறார்கள். மூன்று தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதவு. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தந்த நாவல் என்னிடம் இல்லை. இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுகிறது. நான்கு பேருக்குக் கொடுத்தேன், ஒருவர் முடித்தார். அவர் அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவை எனக்கு போன் செய்து சிங்காரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மூன்றையும் மேசையில் அடுக்கி வைத்துப் பார்த்தேன், 'புத்தம் வீடு' மட்டும் இல்லாமல். மொழி வளத்தில் 'மோகமுள்' முன்னால். துணிச்சலிலும் விரிவிலும் சிங்காரம். கலைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் சிங்காரத்துக்கு மூன்றும் ஜானகிராமனுக்கு இரண்டும் போட்டுவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் நூலகத் தட்டில் கை வைக்கப்போகிற பிள்ளையை நினைத்தால் கணக்கு மாறுகிறது. அது பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருக்கலாம். அவள் முதலில் எடுக்கிற புத்தகம் சின்னதாக, வாசித்து முடிக்கக் கூடியதாக, ஒரு பெண்ணின் பகலை உள்ளே இருந்து காட்டுவதாக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். அப்புறம் சிங்காரத்தை எடுத்துக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம். எனக்கும் அப்படித்தான்: இந்த வருஷம் நான் படித்ததில், மூன்று தடவை படித்த ஒரு நாவலையே வேறு கண்ணால் பார்க்கவைத்தது அந்த இருநூறு பக்கம்தான்.

சீட்டில் எழுதிவிட்டேன். ஒன்று, 'புத்தம் வீடு'. இரண்டு, 'புயலிலே ஒரு தோணி'. மூன்று, 'மோகமுள்'. முப்பது வருஷமாக முதலிடத்தில் இருந்ததைக் கடைசியில் எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அண்ணன் மகளும் வருகிறேன் என்றிருக்கிறாள். தோழியிடமிருந்து புத்தகத்தை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.